சொந்தத் தண்டவாளம், அடுத்தவர் வேகன்: சஸ்காச்சுவானின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே

2004ஆம் ஆண்டின் இறுதியில், கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துத் தென்மேற்கு மூலையில், விவசாயிகளும் சிற்றூர் நிர்வாகங்களும் ஒன்றுசேர்ந்து ஒரு ரயில் கம்பெனியை விலைக்கு வாங்கினார்கள். பெயர் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே. தலைமையிடம் ஷானவன் என்ற சிறு நகரம். ஆள் ஏறும் ரயில் கிடையாது. கோதுமையும் பருப்பு வகைகளும் ஏற்றிய வேகன்களை ஊர் ஊராகச் சேர்த்துக்கொண்டு போய், பெரிய கம்பெனியிடம் ஒப்படைக்கும் கூட்ஸ் வண்டி. அந்தப் பெரிய கம்பெனி கனடியன் பசிபிக். இந்தத் தடங்கள் முன்பு அதன் கையில்தான் இருந்தன. கட்டுப்படியாகவில்லை என்று முதலில் விற்பனைக்குப் போட்டதும் அதுதான்.

இப்படிப் பெரிய ரயில்வேயின் ஓரத்தில் பிழைக்கும் சிறு கம்பெனிகளை வட அமெரிக்காவில் ஷார்ட் லைன் என்பார்கள். சஸ்காச்சுவானில் மட்டும் 13 இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல். கிரேட் வெஸ்டர்ன் தன் சொந்தத் தடங்களோடு, பக்கத்திலிருக்கும் ரெட் கோட், ஃபைஃப் லேக் என்ற இரண்டு சிறு கம்பெனிகளின் தடங்களிலும் வண்டி ஓட்டுகிறது. மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய 700 கிலோமீட்டர்.

விவசாயி தண்டவாளத்துக்குச் சொந்தக்காரன் ஆன கதையாக இதைச் சொல்வது வழக்கம். கதை உண்மைதான், கேட்கவும் நன்றாயிருக்கும். ஆனால் தண்டவாளம் கைக்கு வந்த பிறகும் வேகன் கைக்கு வரவில்லை. துறைமுகத்தில் இறக்க இடமும் வரவில்லை. சிறு ரயில் பிழைப்பதும் சாவதும் அந்த இரண்டில் இருக்கிறது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைக் கீழே வைக்கிறேன்.

இத்தனை கிளைகள் எதற்கு

தென் சஸ்காச்சுவானின் பழைய ரயில் வரைபடத்தில் கிளைப் பாதைகள் நெருக்கமாக, பல இடங்களில் ஒன்றுக்கொன்று இணையாகவே ஓடும். குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிப் போகும் விவசாயி பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். போட்டவர்களின் கணக்கு அதுதான். பாதையின் மேல் 13 முதல் 16 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். நிறுத்தத்துக்கு நிறுத்தம் எலிவேட்டர் என்ற உயர்ந்த மரக் கிடங்கு. வண்டி கொண்டுவந்த தானியத்தை வாளிகள் கோத்த பட்டை மேலே தூக்கும். ரகம் பிரித்து அறைகளில் தேக்குவார்கள். வேகன் வந்ததும் குழாய் வழியாகக் கொட்டுவார்கள். 1930களில் மேற்குக் கனடாவின் புல்வெளி மாகாணங்களில் இவை 5,700க்கு மேல் நின்றன. ஊரின் பெயர் அதன் மேல் பெரிய எழுத்தில் இருக்கும். கிளைப் பாதை போனால் எலிவேட்டர் போகும், எலிவேட்டர் போனால் கடை, அஞ்சல், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். அங்கே கிளைப் பாதையை மூடுவது என்ற பேச்சு அவ்வளவு கொதிப்பை உண்டாக்கியது இதனால்தான்.

ஷானவன் வட்டாரம் வறண்ட பூமி. 1857 முதல் 1860 வரை இந்தப் பக்கம் சுற்றி வந்த ஜான் பாலிசரின் ஆய்வுக் குழு, இது உழவுக்கு ஏற்ற நிலம் அல்ல என்று எழுதிவிட்டுப் போனது. அவர் பெயராலேயே இன்றும் பாலிசர் முக்கோணம் என்கிறார்கள். அந்த வறட்சியே டியூரம் கோதுமைக்குத் தோதானது. பாஸ்தாவுக்கும் கூஸ்கூஸுக்கும் வேண்டிய இந்தக் கடினக் கோதுமை இத்தாலிக்கும் அல்ஜீரியாவுக்கும் மொராக்கோவுக்கும் கப்பலேறுகிறது. மைசூர்ப் பருப்பும் இங்கே நிறைய விளைகிறது. கனடாவின் மைசூர்ப் பருப்பில் பெரும்பகுதி சஸ்காச்சுவானுடையது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பருப்புக்கறி வைக்கிற வீட்டில், அந்தப் பருப்பு இந்த மாகாணத்து வயலிலிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்புண்டு.

விளைவது கடலிலிருந்து வெகு தொலைவில். வான்கூவர் துறைமுகத்துக்கு ரயிலில் 1,500 கிலோமீட்டருக்கு மேல். வண்டிக் கூலிதான் இங்கே விவசாயத்தின் தலையெழுத்து.

கூலியைக் கட்டிப்போட்ட ஒப்பந்தம்

1897இல் கனடா அரசும் கனடியன் பசிபிக்கும் ஓர் ஒப்பந்தம் போட்டன. குரோஸ் நெஸ்ட் கணவாய் வழியாகப் பாதை போட மைலுக்கு 11,000 டாலர் அரசு கொடுக்கும். பதிலுக்குக் கிழக்கு நோக்கிப் போகும் தானியத்தின் கூலியை நூறு பவுண்டுக்கு 3 சென்ட் கம்பெனி குறைக்கும். 1925இல் இது நிலையான சட்டமாகவே ஆனது. ‘குரோ கட்டணம்’ என்ற பெயரில் புல்வெளி விவசாயி இதைத் தன் பிறப்புரிமையாகப் பிடித்துக்கொண்டான்.

பணவீக்கம் ஏற ஏற இந்தக் கூலி ரயில்வேக்கு நஷ்டமாயிற்று. நஷ்டமாகும் சரக்குக்கு எந்தக் கம்பெனி செலவு செய்யும்? கிளைப் பாதைகளில் ஸ்லீப்பர் கட்டைகள் உளுத்தன, வேகன்கள் போதவில்லை. 1972 முதல் மத்திய அரசே தானிய வேகன்களை வாங்கிவிட ஆரம்பித்தது. அந்த எண்ணிக்கை பின்னாளில் 13,000ஐத் தாண்டியது. ஆல்பர்ட்டாவும் சஸ்காச்சுவானும் ஆளுக்கு 1,000 வாங்கின. 1977இல் நீதிபதி எம்மெட் ஹாலின் ஆணையம், 2,000 மைலுக்கு மேலான கிளைகளை மூடலாம், மற்றதைக் காப்பாற்ற வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 1983இல் கட்டணம் உயர்த்தப்பட்டு, இடைவெளியை அரசு மானியமாக ரயில்வேக்குக் கொடுத்தது. கிளைகள் இன்னும் கொஞ்ச காலம் மூச்சு விட்டது அந்த மானியத்தில்.

1995 ஆகஸ்ட் 1ஆம் தேதி மானியம் நின்றது. நில உடைமையாளர்களுக்கு 160 கோடி டாலர் இழப்பீடாகக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். விவசாயி கட்டும் கூலி பல இடங்களில் இரண்டு மடங்கானது. மறு வருடமே கனடா போக்குவரத்துச் சட்டம் வந்து, பாதையைக் கைவிடும் வழியை எளிதாக்கியது. அந்த வழி இப்படி: மூன்றாண்டுத் திட்டத்தில் கைவிடப் போகும் பாதையைப் பட்டியலிட வேண்டும், பிறகு விற்பனைக்கு விளம்பரம், யாரும் வராவிட்டால் மத்திய, மாகாண, உள்ளாட்சி நிர்வாகங்களுக்குப் பழைய இரும்பு விலைக்குத் தர முன்வர வேண்டும், அவையும் வேண்டாம் என்றால் பெயர்த்துக்கொண்டு போகலாம். முன்பு மக்கள் வந்து முறையிட்டு, பொது நலன் கருதி ஒரு பாதையைக் காப்பாற்ற முடிந்தது. இப்போது கையில் பணம் இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது.

அதே வருடங்களில் தானியக் கம்பெனிகள் மர எலிவேட்டர்களை இடித்துவிட்டு, பிரதான பாதையின் மேல் பெரிய கான்கிரீட் கிடங்குகளை எழுப்பின. ஒரே இடத்தில் 50 அல்லது 100 வேகன் நிரப்பினால் ரயில்வே தள்ளுபடி கொடுத்தது. ஐந்தாறு வேகன் நிரப்பும் ஊருக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. ரயில்வேயும் தானியக் கம்பெனியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் நடுவில் இருந்த கிளை அறுந்தது. ஏதோ ஒருவர் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. அவரவர் கணக்கில் அவரவர் செய்தது சரி. கூடிய தூரத்துக்கு லாரி ஓட்டும் செலவை மட்டும் யாருடைய கணக்கிலும் எழுதவில்லை. அது விவசாயியின் தலையிலும், ஊர்ச் சாலையின் தலையிலும் விழுந்தது.

சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தானியம் ஏற்றும் பெரிய இரட்டை டிரெய்லர் லாரி 40 டன்னுக்குச் சற்று மேல் சுமக்கும். ஹாப்பர் என்ற தானிய வேகன் ஒன்று 90 டன் சுமக்கும். ஒரு வேகன் தடத்தை விட்டுப் போனால் இரண்டுக்கு மேல் லாரி சாலைக்கு வருகிறது. சஸ்காச்சுவானின் கிராமப்புற நெடுஞ்சாலைகள் பல, மண் மேல் மெல்லிய தார்ப்பூச்சு போட்டவை. வாரம் சில கார்கள் போவதற்குப் போட்ட சாலையில் வரிசையாகச் சுமை லாரி போனால் அது எத்தனை நாள் தாங்கும்? தென்மேற்கில் சில நெடுஞ்சாலைகள் மறுபடி ஜல்லிச் சாலையாகவே மாற்றப்பட்டன.

வாங்கினார்கள்

சஸ்காச்சுவானுக்கு முன்னோடி இருந்தது. 1989லேயே சதர்ன் ரெயில்ஸ் என்ற கூட்டுறவு அமைப்பு, மாகாணத்தின் முதல் ஷார்ட் லைனாகத் தொடங்கியிருந்தது. 1999இல் ரெட் கோட் வந்தது, பாங்மனுக்கு மேற்கே. ஷானவன் பக்கத்துத் தடங்களை 2000இல் பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த ஒரு தனியார் கம்பெனி கனடியன் பசிபிக்கிடமிருந்து வாங்கி, கிரேட் வெஸ்டர்ன் என்று ஓட்டியது. நாலே வருடத்தில் அது விற்க நினைத்தபோதுதான் உள்ளூர்க்காரர்கள் முன்வந்தார்கள். பங்கு போட்டவர்களில் விவசாயிகள் உண்டு, கிராமப்புற நகராட்சிகள் உண்டு. 2006இல் கோரனாக் பக்கத்துத் தடத்தை ஃபைஃப் லேக் ரயில்வே என்ற பெயரில், கிரேட் வெஸ்டர்னும் சுற்றியுள்ள நகராட்சிகளும் சேர்ந்து எடுத்துக்கொண்டன.

நகராட்சிகள் உள்ளே வந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பாதை போனால் அவர்களுக்கு இரட்டை அடி: ரயில் சொத்து வரி போகும், சாலைச் செலவு ஏறும். தானியத்தையே நம்பியிருந்த கிளை கைவிடப்பட்டால் மைலுக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வீதம் மூன்றாண்டுக்கு ரயில்வே நகராட்சிக்குத் தர வேண்டும் என்று பின்னால் சட்டத்தில் சேர்த்தார்கள். மூன்று வருடம் கழித்து? லாரி அப்போதும் ஓடும். பங்கு வாங்கிய நகராட்சிகள் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கின்றன.

இப்படிப்பட்ட கம்பெனி எப்படி ஓடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ரயில்வேக்கள் கழித்துவிட்ட பழைய இன்ஜின்கள். ஒரே ஆள் இன்ஜினும் ஓட்டுவார், பாயிண்டும் மாற்றுவார், தேவைப்பட்டால் கட்டை மாற்றவும் இறங்குவார். வண்டியின் வேகத்தைத் தடத்தின் தரம் முடிவு செய்கிறது. கடைசித் தரத்துக்கு மணிக்கு 16 கிலோமீட்டர், அடுத்ததற்கு 40. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை காலி வேகன்களைக் கொண்டுபோய் ஊர்களில் விட்டு, நிரம்பியதை எடுத்து வந்து, கனடியன் பசிபிக்கிடம் கைமாற்றுவார்கள். அங்கிருந்து துறைமுகம் வரை போகும் கூலியில் ஒரு பங்கு, வேகன் கணக்கில், இவர்களுக்கு வரும். அந்தப் பங்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒரு பக்கம் கண்டம் முழுக்கத் தடம் வைத்திருக்கும் கம்பெனி. மறு பக்கம் அதைத் தவிர வேறு வழியே இல்லாத கம்பெனி. பேரம் யார் பக்கம் சாயும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வேகன் கேட்கும் உரிமை

ஆனால் கிரேட் வெஸ்டர்ன் மாதிரியான கம்பெனிக்கு உயிர் கொடுத்த ஒரு சட்டம் இருக்கிறது. அது நூறாண்டுக்கு மேல் பழையது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

1901இல் கோதுமை அமோகமாக விளைந்தது. வேகன் பற்றாக்குறை. வந்த வேகன்களை ரயில்வே எலிவேட்டர் கம்பெனிகளுக்கே கொடுத்தது. நேரடியாகத் தானே வேகனில் ஏற்ற நினைத்த விவசாயி நின்றுகொண்டே இருந்தான். எடையிலும் தரத்திலும் எலிவேட்டர்காரன் சொன்னதை ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. டிசம்பரில் இந்தியன் ஹெட் என்ற ஊரில் வில்லியம் மதர்வெல்லும் பீட்டர் டேமனும் கூட்டிய கூட்டத்தில் விவசாயிகள் சங்கம் பிறந்தது. 1902இல் அவர்கள் அழுத்தத்தால் சட்டம் திருத்தப்பட்டது: ஒவ்வொரு நிலையத்திலும் வேகன் பதிவேடு வைக்க வேண்டும், முதலில் எழுதியவருக்கு முதலில் வேகன்.

சட்டம் வந்த பிறகும் ரயில்வே பழையபடியே நடந்தது. சங்கத்தார் சிந்தலூட்டா நிலையத்து அதிகாரி மேல் வழக்குப் போட்டார்கள். அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. 50 டாலர் கனடியன் பசிபிக்குக் காலணா பெறாது. ஆனால் வரிசையில் முதலில் நிற்கிற சின்ன விவசாயிக்கே முதல் வேகன் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு வேகன்கள் பதிவேட்டின்படி வரத் தொடங்கின.

அந்த உரிமை இன்றும் கனடா தானியச் சட்டத்தின் 87ஆம் பிரிவில் இருக்கிறது. விவசாயி தானிய ஆணையத்துக்கு விண்ணப்பித்து, ஒரு சிறு கட்டணம் கட்டி, தன் பெயரில் வேகன் கேட்கலாம். தானே நிரப்பி, எலிவேட்டரைத் தொடாமல் துறைமுகத்துக்கு அனுப்பலாம். எலிவேட்டர்க் கூலி மிச்சம். வேகன் ஒன்றுக்குப் பல நூறு டாலர், சில சமயம் ஆயிரம் வரை.

எலிவேட்டர் இடிக்கப்பட்ட ஊர்களில் இந்தப் பழைய பிரிவு புது வேலை செய்தது. விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து தடத்தோரம் இரும்புத் தொட்டிகளும் கன்வேயரும் நிறுவினார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று வேகன் என்று எழுதி, ஒரே நாளில் வரிசையாக நிரப்பினார்கள். இந்த வேகன்கள்தான் ஷார்ட் லைன்களின் முக்கியச் சரக்கு. இன்னொரு பயனும் இருந்தது, கணக்கில் எங்கேயும் தெரியாது: தானே ஏற்றிவிட முடியும் என்ற விவசாயியிடம், 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கான்கிரீட் கிடங்கு சற்று மரியாதையான விலை பேசும்.

2012: மறுமுனை போனது

தடம் இருந்தது, உரிமை இருந்தது. மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. மேற்குக் கனடாவின் கோதுமையையும் பார்லியையும் ஏற்றுமதிக்கு விற்கும் தனியுரிமை கனடா கோதுமை வாரியத்திடம் இருந்தது. எந்த ஊரிலிருந்து எந்த வேகனில் வந்தாலும் கோதுமை வாரியத்துடையது. துறைமுகக் கிடங்கு வைத்திருக்கும் கம்பெனி, வாரியத்தின் கோதுமையை இறக்கமாட்டேன் என்று சொல்ல முடியாது.

2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி அந்தத் தனியுரிமை முடிந்தது. இதை வரவேற்ற விவசாயிகள் நிறையப் பேர். தன் கோதுமையைத் தன் விருப்பப்படி விற்கும் சுதந்திரம் சின்ன விஷயமல்ல, அவர்கள் பக்கத்து நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வேகன் உரிமையின் மறுமுனை அன்றைக்கே அறுந்தது. வேகன் கேட்டால் இன்றும் கிடைக்கும். அது போய்ச் சேரும் இடத்தில் வாங்குபவர் வேண்டும், இறக்க இடம் வேண்டும். துறைமுகக் கிடங்கு வைத்திருப்பவை, உள்நாட்டில் கான்கிரீட் கிடங்கு வைத்திருக்கும் அதே கம்பெனிகள். தங்கள் உள்நாட்டுக் கிடங்கைத் தாண்டி வரும் வேகனை அவர்கள் ஏன் விரும்ப வேண்டும்? சில ஆண்டுகளிலேயே விவசாயி வேகன்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. ஷார்ட் லைன்கள் அதன் பிறகு சிறு தானிய வியாபாரிகளைத் தேடிப் பிடித்து, தடத்தோரத் தொட்டிகளிலேயே கொள்முதல் நடக்க ஏற்பாடு செய்து, இழந்ததில் ஒரு பகுதியை மீட்டன.

வாரியம் போனதன் விளைவு சர்ச்சிலில் இன்னும் கடுமையாகத் தெரிந்தது. மானிடோபாவின் வடக்கே ஹட்சன் விரிகுடாத் துறைமுகம். அங்கே போகும் பாதையையும் துறைமுகத்தையும் 1997இல் ஓர் அமெரிக்கக் கம்பெனி வாங்கியிருந்தது. அந்த வழியாகத் தானியம் அனுப்பியது பெரும்பாலும் வாரியம். 2016இல் துறைமுகத்தில் தானிய வேலை நின்றது. 2017 மே மாதம் வெள்ளம் பாதையை அரித்துப் போட்டது. செப்பனிடப் பணமில்லை என்று உரிமையாளர் கைவிரித்தார். சாலையே இல்லாத சர்ச்சில் ஊருக்கு ஒன்றரை வருடம் ரயிலும் இல்லை. 2018இல் வடக்குப் பகுதிப் பூர்வகுடிச் சமூகங்களும் நகராட்சிகளும் பங்குள்ள ஆர்க்டிக் கேட்வே என்ற கம்பெனி அதை வாங்கிய பிறகே பாதை உயிர் பெற்றது. தூரத்து உரிமையாளருக்கும் ஊர் உரிமையாளருக்கும் வித்தியாசம் உண்டா என்று கேட்பவர்களுக்கு இதை விடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

2013 அறுவடை

2013இல் கனடா அதுவரை காணாத விளைச்சலைக் கண்டது, சுமார் 7.6 கோடி டன். அதன் பின்னாலேயே கொடுங்குளிர். மைனஸ் 25 டிகிரிக்குக் கீழே போனால் ஏர் பிரேக்கில் காற்றழுத்தம் வண்டியின் கடைசிவரை நிற்காது. வண்டியின் நீளத்தைக் குறைக்க வேண்டும். நீளம் குறைந்தால் அதே சரக்குக்குக் கூடுதல் வண்டி, கூடுதல் இன்ஜின், கூடுதல் ஆள். தானியம் வயலோரத்தில் தேங்கியது, கப்பல்கள் வான்கூவரில் நங்கூரமிட்டுக் காத்துக் கிடந்தன.

2014 மார்ச் 7ஆம் தேதி மத்திய அரசு உத்தரவு போட்டது: கனடியன் பசிபிக், கனடியன் நேஷனல் என்ற இரண்டு பெரிய ரயில்வேக்களும் தலைக்கு வாரம் 5 லட்சம் டன் தானியம் நகர்த்த வேண்டும். நல்ல நோக்கம்தான். ஆனால் உத்தரவு மொத்த எடையை மட்டுமே கேட்டது. எங்கிருந்து என்று கேட்கவில்லை. வாரக் கணக்கைச் சீக்கிரம் எட்ட வேண்டுமென்றால் 100 வேகன் ஒரே மூச்சில் நிரம்பும் கான்கிரீட் கிடங்குக்குத்தான் எந்த ரயில்வேயும் போகும். கிளையோரத்தில் பத்துப் பத்தாகச் சேர்க்கும் ஷார்ட் லைனுக்குக் காலி வேகன் கடைசியில்தான் வரும். தங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று அன்றைக்கு ஷார்ட் லைன்காரர்கள் முறையிட்டார்கள். 1901இல் இந்தியன் ஹெட்டில் எழுந்த குறையும் இதுவேதான். அன்று பதிவேடு தீர்வானது. 2014இல் அப்படி ஒரு வரி உத்தரவில் இல்லை.

எடை, எண்ணெய், வேகன் விற்பனை

தடத்தைத் தின்னும் பிரச்சினைகளும் உண்டு. பழைய தானிய வேகன் சரக்கோடு சேர்த்து 263,000 பவுண்டு. இப்போதைய தரம் 286,000 பவுண்டு. மெலிந்த தண்டவாளமும் பழைய மரப் பாலமும் அதைத் தாங்கா. கனடியன் பசிபிக் 2018இல் 5,900 புது வேகன்களுக்கு முடிவெடுத்தது. நீளம் குறைந்தது, கொள்ளளவு கூடியது. அவற்றோடு 8,500 அடி நீளத் தானிய வண்டிகள், அதாவது இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல். அந்த வண்டியை வளைத்து நிறுத்த இடமுள்ள கிடங்கு எந்தக் கிளைப் பாதையில் இருக்கிறது?

கிரேட் வெஸ்டர்ன் தானியத்தை மட்டும் நம்பவில்லை, அது புத்திசாலித்தனம். ஷானவன் சுற்றுவட்டத்தில் எண்ணெய் கிடைக்கிறது. விலை நன்றாயிருந்தபோது கச்சா எண்ணெயை லாரியிலிருந்து டேங்க் வேகனுக்கு மாற்றி ஏற்றினார்கள். ஆனால் எண்ணெய் விலை விழுந்தால் அந்த வருமானமும் விழும். 2013 ஜூலையில் கியூபெக்கின் லாக் மெகான்டிக்கில் ஒரு சிறு ரயில்வேயின் எண்ணெய் வண்டி ஓடி வந்து வெடித்து 47 பேர் இறந்த பிறகு, எண்ணெய் ஏற்றுவது என்பது இன்சூரன்ஸ், பாதுகாப்பு எல்லாவற்றிலும் வேறு வேலையாகிவிட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

வறட்சியும் உண்டு. 2021இல் கனடாவின் கோதுமை மகசூல் முந்தின ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. தென்மேற்கு சஸ்காச்சுவான் கடுமையாகக் காய்ந்த பகுதிகளில் ஒன்று. விளைந்தாலும் வாங்குவோர் மனம் மாறலாம். 2017 டிசம்பரில் இந்தியா மைசூர்ப் பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் 30 சதவீத இறக்குமதி வரி போட்டபோது, டில்லியின் ஒரு கையெழுத்து ஷானவன் விவசாயியின் அடுத்த விதைப்பையே மாற்றியது. ரயிலின் நிலைச் செலவு மட்டும் மாறுவதில்லை. மழை பெய்தாலும் காய்ந்தாலும் கட்டை உளுத்தே தீரும்.

மாகாண அரசு தடப் பராமரிப்பில் ஷார்ட் லைன்களோடு பாதிச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. தொகை பெரிதல்ல, ஆனால் தேவையான திட்டம். அதே அரசு 2017 பட்ஜெட்டில் தன் தானிய வேகன் கார்ப்பரேஷனைக் கலைத்தது. அந்த பட்ஜெட்டில்தான் மாகாணத்தின் பொதுப் பேருந்து சேவையும் மூடப்பட்டது. கிராமத்துக்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. 1981இல் மக்கள் பணத்தில் வாங்கிய வேகன்கள் விற்பனைக்கு வந்தன. ஒரு பகுதியைச் சிறு ரயில் கம்பெனிகள் வாங்கிக்கொண்டன, அது ஆறுதல். ஆனால் பெரிய ரயில்வேயிடம் கையேந்தாமல் வேகன் கொடுக்க மாகாணத்திடம் இருந்த ஒரே கருவி அது. கலைத்தது தவறு என்பது என் கருத்து.

என் மதிப்பீடு

வாங்கி இருபதாண்டுக்கு மேல் ஆகிறது. கிரேட் வெஸ்டர்ன் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2004இல் யாரும் முன்வராதிருந்தால் இந்தத் தடங்களின் விலை பழைய இரும்பின் விலைதான். பெயர்த்த தடத்தை மறுபடி யாரும் போடப் போவதில்லை. பெயர்த்த கிளைகளின் மண்மேடுகள் மாகாணம் முழுக்கக் கிடக்கின்றன.

ஊர்க்காரர் உரிமை இங்கே வேலை செய்ததற்கு எளிய காரணம் உண்டு. தனி முதலாளி வேகன் கூலியை மட்டும் பார்ப்பார். பங்கு வைத்திருக்கும் விவசாயிக்குக் கம்பெனியில் லாபமே வராவிட்டாலும், லாரிச் செலவில் மிச்சம் வரும். பங்கு வைத்திருக்கும் நகராட்சிக்குச் சாலையில் மிச்சம் வரும். கம்பெனியின் வரவு செலவில் வராத நன்மைகள், உரிமையாளரின் வீட்டுக் கணக்கில் வந்து சேர்கின்றன. வெளியூர் முதலாளிக்குக் கட்டுப்படியாகாத அதே தடம் ஊராருக்குக் கட்டுப்படியாவது இதனால்.

அவர்கள் கையில் இல்லாதவை இரண்டு: காலி வேகன், துறைமுகத்தில் இடம். இரண்டையும் பங்கு விற்றுத் திரட்டிய பணத்தால் வாங்க முடியாது, சட்டத்தால்தான் முடியும். 2018இல் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தியபோது, வேகன் தாமதத்துக்கு ரயில்வேயிடம் இழப்பீடு கேட்கும் வழி சரக்கு அனுப்புவோருக்குத் திறந்தது. ஐந்து வேகன் அனுப்பும் விவசாயி அந்த வழியில் போய் ஒரு கண்டத்து ரயில்வேயோடு வாதாடுவார் என்று நான் நம்பவில்லை. வாரந்தோறும் பெரிய ரயில்வேக்கள் அரசுக்குத் தரும் புள்ளிவிவரத்தில், ஷார்ட் லைன் கைமாற்றும் இடங்களில் எத்தனை வேகன் கேட்கப்பட்டது, எத்தனை எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பதைத் தனி வரியாகக் கேட்கலாம். சிந்தலூட்டாப் பதிவேட்டில் இருந்தது அவ்வளவுதான். துறைமுகக் கிடங்குகளில் ஒரு சிறு விகித இடத்தை வெளியார் வேகனுக்கு, அறிவிக்கப்பட்ட கட்டணத்தில், ஒதுக்கச் சொல்லலாம். 2023 ஏப்ரலில் கனடியன் பசிபிக், கான்சஸ் சிட்டி சதர்னோடு இணைந்து மெக்சிகோ வரை நீண்ட கம்பெனியாகிவிட்டது. ஷானவனிலிருந்து வரும் பத்து வேகன் அதன் கண்ணில் படுவது இன்னும் கடினமாகியிருக்கிறது. அந்தத் தனி வரியை இப்போதே கேட்டு வாங்க வேண்டும்.